நகர விரிவும் தொழில் நிலமும்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு நோக்கு

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயருக்குச் செங்கல் அறுக்கும் வெளி என்பது பொருள். 1881ஆம் ஆண்டில் தீயாலும் வெள்ளத்தாலும் அடுத்தடுத்துச் சிதைந்த கோலாலம்பூரில், மரத்தாலும் அத்தாப்பாலும் அமைந்த கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டுமென ரெசிடெண்டு பிராங்க் சுவெட்டன்ஹாம் பணித்தார். அதற்கான சூளைகள் எழுந்த இடமே இப்பகுதியாகும். சூளைகள் மறைந்தபின் இரயில்வேயின் சரக்குப்பெட்டி நிலையமும் பணியாளர் குடியிருப்புகளும் அங்கு அமைந்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் இப்பகுதியில் வேரூன்றியது இதனாலேயே. அச்சரக்கு நிலையம் இருந்த ஏறத்தாழ 72 ஏக்கர் நிலத்தில்தான் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. ஒரே நிலம் இருமுறை தன் தொழிலை இழந்திருக்கிறது. பெயர் மட்டும் முதல் தொழிலை நினைவில் வைத்திருக்கிறது.

நகரம் விரியும்போது அதன் விளிம்பிலிருந்த பட்டறை நடுவிடத்திற்கு வந்துவிடுகிறது. பட்டறை தரும் வாடகையைக் காட்டிலும் அடுக்குமாடியும் வணிக வளாகமும் பன்மடங்கு ஈட்டித் தருவதால், நில உரிமையாளர் தொழிலைக் கைவிட விரும்புவது இயல்பே. ஆயினும், தொழில் நிலத்தை வேறெங்கும் எளிதில் உருவாக்கிவிட இயலாது. சமதரை, கனரக வண்டி செல்லும் சாலை, மின்வழங்கல், வீடுகளிலிருந்து போதிய தொலைவு ஆகிய யாவும் ஓரிடத்தில் சேர வேண்டும். மேலும், ஒரு தொழிற்சாலை மனை நூற்றுக்கணக்கான அடுக்குமாடி வீடுகளாகப் பிரிந்து தனித்தனி உரிமையாளரிடம் சென்றுவிட்டால் அது மீண்டும் தொழிற்சாலையாவதில்லை. இம்மாற்றம் ஒருவழிப் பாதை என்பதே சிக்கலின் மையம் எனலாம்.

சட்டம் என்ன காப்பளிக்கிறது? 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின் 52ஆம் பிரிவு நிலப் பயன்பாட்டை வேளாண்மை, கட்டடம், தொழில் என மூன்றாக வகுக்கிறது. வகை பட்டாவிலேயே பதிவாகிறது. எனவே தொழில் நிலம் பட்டாவளவில் காக்கப்பட்டதாகவே தோன்றும். ஆனால் 124ஆம் பிரிவின்கீழ் உரிமையாளர் விண்ணப்பித்தால் மாநில அதிகாரம் அவ்வகையை மாற்றிக் கொடுக்கலாம். அதற்குப் பிரிமியம் பெறலாம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலம் மாநிலப் பொருளாதலின் அத்தொகை மாநிலக் கருவூலத்தைச் சேரும். காக்க வேண்டியவருக்கே மாற்றத்தால் வருவாய் கிடைக்கிறது என்னும் முரணை நம் ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே கருதுகிறோம்.

பெட்டாலிங் ஜெயா இதற்கு நல்ல சான்று. 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலத்தில் எழுந்த இந்நகரில் வீடுகளுக்கு அருகிலேயே தொழிற்பேட்டையும் திட்டமிடப்பட்டது. அதன் 13ஆம் பிரிவு பிற்காலத்தில் படிப்படியாக வணிகப் பகுதியாக மாறியது. செந்தூலில் இரயில்வேப் பட்டறை பேராக்கின் பத்து காஜாவுக்குப் பெயர்ந்தது. பழைய இரயில்வே வளாகத்தின் ஒரு பகுதியில் 2005இல் கலையரங்கம் திறக்கப்பட்டது. கலையரங்கம் வேண்டாமென்பது நம் கருத்தன்று. பட்டறையில் தொழில் கற்ற குடும்பங்களுக்கு அது வேலை தராது என்பதையே சுட்டுகிறோம். தொழில்களோ ஷா ஆலாம், கிள்ளான், பூலாவ் இண்டா என மேற்கே துறைமுகம் நோக்கி நகர்ந்தன.

விரிவுக்கான நிலம் பெரும்பாலும் தோட்டங்களிலிருந்தே வந்தது என்பது தமிழருக்கு முதன்மையான செய்தி. வேளாண்மை என்றிருந்த பட்டா கட்டடமென மாறியபோது தோட்டத் தொழிலாளர் வேலையையும் குடியிருப்பையும் ஒருங்கே இழந்தனர். தமிழ்ப்பள்ளிகள் சிலவும் இடம்பெயர்ந்தன. அவர்தம் பிள்ளைகள் பலர் கிள்ளான், ஷா ஆலாம் தொழிற்சாலைகளில் சேர்ந்தனர். இன்று அத்தொழிற்சாலை நிலமும் கைமாறுமாயின் அது ஒரு குடும்பத்தின் இரண்டாம் பெயர்வாகும். மாணவர் எண்ணிக்கை குறைவதற்குக் காரணம் தேடும் ஆசிரியர்கள் பட்டா மாற்றத்தையும் ஒருமுறை நோக்குதல் நன்று.

அமெரிக்காவின் போர்ட்லண்டு நகர் வட்டாரம் இங்கு ஒப்பிடத்தக்கது. 1979இல் வளர்ச்சி எல்லை வகுத்த அவ்வட்டாரம் 2002இல் 18,000 ஏக்கருக்கு மேல் அதனை விரித்தது. 2004இல் தொழிலுக்கென மேலும் ஏறத்தாழ 2,000 ஏக்கரைச் சேர்த்தது. ஆனால் விளிம்பில் சேர்ப்பதோடு நில்லாமல், உள்ளிருக்கும் முதன்மைத் தொழிற்பகுதிகளில் பெருங்கடைகளுக்கு வரம்பிட்டது. 50 ஏக்கருக்கு மேற்பட்ட மனைகளைத் துண்டாடுவதையும் கட்டுப்படுத்தியது. அங்கே எல்லைக்கு மெட்ரோ என்னும் ஒரே அமைப்பு பொறுப்பு. கிள்ளான் பள்ளத்தாக்கிலோ கோலாலம்பூர் 1974 முதல் கூட்டரசுப் பிரதேசம். சுற்றியுள்ளவை சிலாங்கூரின் பல ஊராட்சி மன்றங்கள். ஒருவர் தொழில் நிலத்தைக் கைவிட்டால் அண்டை மன்றம் ஈடுசெய்யும் கட்டாயமில்லை. 2006ஆம் ஆண்டுத் தேசிய நகரமயக் கொள்கை நகர எல்லை பற்றிப் பேசினும் நில அதிகாரம் மாநிலத்திடமே உள்ளது.

சிலாங்கூரில் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. எவரும் எதிர்ப்புரை அளிக்கலாம். அத்திட்டம் இல்லாத இடத்தில், 21ஆம் பிரிவு அண்டை நில உரிமையாளருக்கே அறிவிப்பு அனுப்பச் சொல்கிறது. வாடகைக்குப் பட்டறை நடத்துபவரும் அதில் வேலை செய்பவரும் அறிவிப்புப் பெறுவோர் வரிசையில் இல்லை.