உயர்த்திய பழைய ஜீப்பைத் தாழ்த்துதல்

சிவகிரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எலுமிச்சையும் தென்னையும் கரும்பும் பயிரிடுவோர்க்கு ஜீப் வண்டி ஓர் ஆடம்பரப் பொருளன்று. மழைக்காலத்தில் லாரி புகமுடியாத தோட்டத்துப் பாதையில் உரமூட்டையை உள்ளே கொண்டு செல்லவும், பறித்த காயை வாசுதேவநல்லூர் வழியாகப் புளியங்குடிச் சந்தைக்கு அனுப்பவும் அதுவே துணை. நூற்சிப்பங்களை ஏற்றிவரவும், நெய்த துணியைக் கொண்டு செல்லவும் நெசவாளர்களும் இத்தகைய வண்டியைக் கூட்டாக வாங்க எண்ணுவதுண்டு. புது வண்டியின் கிரயம் எட்டாத காரணத்தால் பெரும்பாலோர் பழைய வண்டியையே நாடுகின்றனர்.

அவ்வாறு விலைக்கு வரும் வண்டிகளில் சில, தயாரிப்பாளர் விட்ட உயரத்தில் இருப்பதில்லை. கற்பாறையிலும் ஓடையிலும் ஓட்டிப் பார்க்கும் விளையாட்டுக்காக முன்னைய சொந்தக்காரர் அவற்றை மூன்று, நான்கு அங்குலம் உயர்த்தியிருப்பார். பார்வைக்கு அவை கம்பீரமாகவே இருக்கும். ஆனால் பாரம் ஏற்றி, பின்னால் ஆட்களையும் அமர்த்தி, வாய்க்கால் கரையோரம் ஓட்டும் நமக்கு அந்த உயரம் நன்மை தருவதன்று. சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் இதைப் பற்றி நம்மிடம் வினவுவோர் பலர். “உயர்த்தியதை இறக்கிவிட்டால் போயிற்று, அதற்கென்ன பெரிய செலவு?” என்று கருதுவோரும் உளர். அக்கருத்து எவ்வளவு சரியென்பதை இங்கு ஆராய்வோம்.

உயரத்தால் வரும் அபாயம்

வைக்கோலை உயர அடுக்கிய வண்டி, வரப்பின் ஓரத்தில் ஒரு சக்கரம் இறங்கியவுடன் சாய்வதை நாம் அறிவோம். அதே அளவு பாரத்தைத் தாழ அடுக்கியிருந்தால் வண்டி நின்றிருக்கும். மோட்டார் வண்டிக்கும் இதுவே நியதி. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் உள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் எடைமையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு, கவிழாமல் நிற்கும் தன்மையை மதிப்பிடுகின்றனர். எண் குறையக் குறைய அபாயம் மிகும்.

பழைய வகை ஜீப்பில் சக்கர அகலம் ஏறத்தாழ 48 அங்குலம். அதில் பாதி 24. கணக்கின் பொருட்டு எடைமையம் 26 அங்குல உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 24ஐ 26ஆல் வகுக்க 0.92 வருகிறது. எடைமையம் நான்கு அங்குலம் உயர்ந்து 30 ஆகுமாயின் வருவது 0.80. இதன்மேல் எலுமிச்சை மூட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் ஆட்களும் அமர்ந்தால் எடைமையம் இன்னும் மேலே போகும். உயர்த்தாத ஜீப்பே சாதாரணக் காரைவிட எளிதில் கவிழக்கூடியது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

உயர்த்தியது எவ்வாறு?

இறக்குவதற்கு முன், எந்த வழியில் உயர்த்தினர் என்று கண்டறிதல் அவசியம். வழிகள் பல.

முதலாவது, ஸ்பிரிங் பட்டைக் கட்டின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிலை நீளமாக்குவது. ஷாக்கில் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி சுமார் ஓர் அங்குலமே உயரும்; ஏனெனில் பட்டையின் ஒரு முனை மட்டுமே அசைகிறது, அச்சோ நடுவில் இருக்கிறது. இரண்டாவது, அச்சுக்கும் பட்டைக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பது. மூன்றாவது, வளைவு மிகுந்த பட்டைகளைப் பூட்டுவது அல்லது பட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. நான்காவது, பழைய ஜீப்பில் அச்சின் கீழே இருக்கும் பட்டைக் கட்டை அச்சின் மேலே மாற்றிப் பூட்டுவது. இதனால் அச்சுக் குழாயின் கனமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்து ஒரே முறையில் வண்டி ஏறிவிடும். ஐந்தாவது, சட்டத்துக்கும் உடற்கூட்டுக்கும் இடையே கட்டைகள் செருகுவது. இவை போதாவென்று பெரிய டயர்களையும் மாட்டியிருப்பர்.

2010-இல் வெளிவந்த முதல் தார் வண்டியின் முன்புறத்தில் பட்டைகள் இல்லை. முறுக்குக் கம்பியே எடையைத் தாங்குகிறது. அதன் முனையிலுள்ள போல்ட்டைத் திருகி முன்புறத்தை உயர்த்திவிடலாம். 2020-இல் வந்த தார் வண்டியில் நான்கு பக்கமும் சுருள் ஸ்பிரிங்குகள். ஆகவே ஒரு வண்டிக்குச் சொன்ன முறை மற்றொன்றுக்குப் பொருந்தாது.

ஒன்றை மாற்றின் பலவும் மாறும்

தறியின் பின்மரத்தைச் சிறிது உயர்த்தினால், பாவு பிரியும்போது மேலிழைகளின் இழுப்பும் கீழிழைகளின் இழுப்பும் வேறுபடுவதை நெசவாளர் நன்கறிவர். மரம் ஒன்றே அசைந்தது. துணியின் தன்மையோ மாறிவிடுகிறது. ஜீப்பும் அத்தகையதே. உயர்த்தியவர் அதற்கேற்ப வேறு பல உறுப்புகளையும் மாற்றியிருப்பார். பட்டையை மட்டும் பழைய நிலைக்குக் கொணர்ந்து, ஏனையவற்றை விட்டுவிட்டால், உயர்த்திய வண்டியைவிட அது கேடுள்ளதாகிவிடும். இக்கட்டுரையின் சாரம் இதுவே.

கவனிக்கற்பாலன பின்வருமாறு:

1. ஷாக் அப்சார்பர்: உயர்த்தியபோது நீளமானதைப் பூட்டியிருந்தால், தாழ்த்தியபின் அது பள்ளத்தில் முழுவதும் அமுங்கி முட்டும், பிடிப்பு முறியும். பழைய அளவுள்ளதையே மாட்டவேண்டும்.

2. பிரேக் ஹோஸ்: நீளமான ஹோஸ் தாழ்த்தியபின் தொங்கி, டயரிலோ பட்டையிலோ உராய்ந்து அறுபடலாம். இதில் சிக்கனம் கூடாது.

3. ஸ்டியரிங் இணைப்பு: உயரத்துக்கு ஏற்பக் கீழ்நோக்கி வளைந்த கை ஒன்றைப் பூட்டியிருப்பர். அதனை எடுத்துப் பழையதை மாட்டாவிடில், ஒவ்வொரு குழியிலும் வண்டி தானே ஒருபுறம் இழுக்கும்.

4. சுழல் தண்டு: கியர் பாக்ஸிலிருந்து அச்சுக்குச் செல்லும் தண்டு நீட்டப்பட்டிருப்பின், தாழ்த்தியவுடன் அது இருக்கும் இடத்தில் அடங்காமல் கியர் பாக்ஸின் பேரிங்கை இடிக்கும். தண்டின் கோணத்தைச் சரிசெய்ய வைத்த ஆப்புகளையும் அகற்றவேண்டும்; இன்றேல் அதிர்வு உண்டாகும்.

5. முட்டு ரப்பர்: அச்சு மேலேறிச் சட்டத்தில் இடியாமல் தடுப்பது இது. உயரமான முட்டைப் பூட்டியிருந்தால் அதையும் மாற்றுக.

6. டயர்: பெரிய டயர் தாழ்ந்த மட்கார்டில் உரசும். பழைய ஜீப்புக்குரிய 6.00-16 அளவையோ, பதிவுச் சான்றிலும் தயாரிப்பாளர் ஏட்டிலும் கண்ட அளவையோ பொருத்துக.

7. பாரத்துக்கேற்ற பிரேக் வால்வு: சில வண்டிகளில் பின்னச்சோடு ஒரு கம்பியால் இணைந்த வால்வு உண்டு. வண்டி அமுங்கும் அளவைக் கொண்டு பின் பிரேக்கின் வலிவை அது வகுக்கிறது. உயரம் மாறும்போது இக்கம்பியையும் சரிசெய்ய வேண்டும்.

வேலையின் ஒழுங்கு

முதலில் சமதளத்தில் வெறும் வண்டியை நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரிபார்த்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து நான்கு அளவுகளையும் எழுதிக்கொள்க. இடத்துக்கும் வலத்துக்கும் வேற்றுமை இருந்தால் பட்டை ஒன்று தளர்ந்தோ முறிந்தோ இருக்கலாம். சட்டமே வளைந்திருக்கவும் கூடும். அத்தகைய வண்டியைத் தாழ்த்த முற்படுமுன் காரணத்தைக் காணவேண்டும்.

சக்கரங்களுக்கு அடை கொடுத்து, சட்டத்தை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்திய பின்னரே ஒருவர் கீழே செல்லலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே படுத்தல் தற்கொலைக்கு ஒப்பாகும். முன்னச்சு, பின்னச்சு இரண்டையும் ஒரே சமயத்தில் கழற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்க. பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாக வாங்குக. ஒருமுறை இறுக்கி நீண்டுபோன போல்ட்டு மீண்டும் அதே பிடிப்பைத் தராது. பட்டைக் கட்டின் நடுப்போல்ட்டுத் தலை, அச்சின் இருக்கையிலுள்ள துளையில் சரியாக அமர்ந்ததைக் கண்ணால் பார்த்த பின்பே இறுக்கவேண்டும். அது விலகியிருப்பின் அச்சு கோணலாகும். ரப்பர் புஷ் உள்ள ஷாக்கில் போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரத்தின்மேல் இறங்கிய பின்னரே கடைசியாக இறுக்குக. சில நாள் ஓட்டத்துக்குப்பின் யூ போல்ட்டுகளை மறுபடியும் இறுக்கி, சக்கரங்களின் கோணத்தையும் முகவிளக்கின் நோக்கையும் சரிபார்த்தல் வேண்டும்.

பட்டையை அச்சின் மேலே மாற்றிய வண்டியாயின், அச்சில் முதலில் இருந்த இருக்கைகள் அறுக்கப்பட்டனவா என்று பார்க்கவேண்டும். அறுத்திருந்தால் அவற்றை மீண்டும் பற்றவைத்தல் கோணம் தவறாமல் செய்யவேண்டிய வேலை. அதனைத் தேர்ந்த பட்டறையிலன்றிச் செய்தலாகாது.

செய்யத் தகாதவை

செலவைக் குறைக்க இரு குறுக்கு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, கட்டிலிருந்து இரண்டொரு பட்டைகளை உருவிவிடுவது. வண்டி தாழும், ஆனால் தாங்கும் வலிமையும் உடன் போகும். பாரம் ஏற்றும் நாளில் எஞ்சிய பட்டைகள் முறியும். மற்றொன்று, பட்டையை நெருப்பில் காய்ச்சி வளைவை நிமிர்த்துவது. பதமேற்றிய அரிவாளை அடுப்பிலிட்டால் அதன் பதம் கெடுவது யாவரும் அறிந்ததே. பட்டையும் பதமேற்றிய இரும்பே. காய்ச்சிய பட்டை சின்னாளில் தொய்யும், அல்லது எதிர்பாரா நேரத்தில் முறியும்.

சட்டமும் கணக்கும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டின் திருத்தச் சட்டப்படி, அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. விபத்து நேர்ந்தால், மாற்றிய வண்டி என்பதைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனத்தார் ஆட்சேபிக்கவும் வழி பிறக்கும். மாற்றியவர் முன்னைய சொந்தக்காரரே ஆயினும், இன்று பதிவுச் சான்றில் எவர் பெயர் இருக்கிறதோ அவரையே கேள்வி வந்து சேரும்.

ஆதலின் விலை பேசுமுன்பே கணக்கைப் போடுதல் நலம். ஷாக் அப்சார்பர் நான்கு, யூ போல்ட்டுகள், ஷாக்கில்கள், ஹோஸ்கள், தேவையாயின் பட்டைக் கட்டுகள், தண்டு, டயர்கள், கூலி ஆகிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு பட்டறைகளில் எழுத்து மூலம் மதிப்பீடு பெறுக. அத்தொகையை வண்டியின் விலையோடு கூட்டினால்தான் உண்மையான கிரயம் தெரியும். கழற்றிய பழைய உறுப்புகளை விற்பவர் வைத்திருந்தால் அவற்றையும் சேர்த்துக் கேட்டு வாங்குக. செலவில் கணிசமான பகுதி மிச்சமாகும். கூட்டிய தொகை, உயர்த்தாத வேறொரு பழைய ஜீப்பின் விலையை எட்டுமாயின், அந்த வேறொன்றையே வாங்குவது அறிவுடைமை. கடன் பெற்று வாங்குவோர் தாழ்த்தும் செலவையும் திட்டத்தில் முதலிலேயே காட்டவேண்டும். பின்னர் பணமில்லையென்று பாதி வேலையோடு வண்டியை ஓட்டத் தொடங்குவதே பெரும்பாலான கேட்டுக்கு மூலம்.

தோட்டத்து ஜீப்பின் பின்புறம் அமர்ந்து செல்வோர் அன்றாடக் கூலிக்கு வந்த ஆண்களும் பெண்களும். வண்டியின் உயரத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர்களல்லர். அது கவிழ்ந்தால் முதலில் விழுவோர் அவர்களே. அவர்களை ஏற்றுமுன் நான்கு சக்கரங்களிலும் அளவுகோலை வைத்துப் பார்த்தல் அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.