உங்களுக்குத் தெரியுமா? கல்லுக்குள் கசியும் கடிகாரம்

கல்லாவியிலிருந்து கிருஷ்ணகிரிப் பக்கம் போனால், கிரானைட் குவாரிகளில் வரிவரியாக மடிந்து நெளிந்த பாறைகளைப் பார்க்கலாம். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிசைந்த மாவைப் போல இழுபட்ட பாறைகள் இவை.

இந்த வயதைச் சொல்வது சிர்கான் என்னும் கனிமம். மணலை விடப் பொடியாகவும் இருக்கலாம். உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முழுதாக ஒதுக்கிவிடும். யுரேனியம்-238இல் பாதி ஈயமாக மாற 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே உள்ளே சேர்ந்திருக்கும் ஈயமே வயதுக் கணக்கு.

ஆனால் பாறை நெளியும்போது சிர்கானும் வளையலாம். அணுக்களின் ஒழுங்கான அடுக்கு பிசகி, நுண்ணிய பாதைகள் திறக்கும். அவற்றின் வழியே ஈயம் வெளியேறினால் கல் உள்ளதைவிட இளமையாகத் தெரியும். ஓரிடத்தில் திரண்டால், அங்கு மட்டும் வயது கூடித் தெரியும். 2006இல் ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகக் குழு, வளைந்த சிர்கானுக்குள் தனிமங்கள் இப்படி இடம்பெயர்வதைக் காட்டியது. அசைக்க முடியாதது என நம்பப்பட்ட கனிமம் அது!

தப்பைப் பிடிக்க அழகான வழி உண்டு. யுரேனியம்-235உம் ஈயமாகவே மாறும்; ஆனால் வேறொரு வேகத்தில், சுமார் 70 கோடி ஆண்டுகளில் பாதியாகும். இரண்டு கணக்கும் ஒரே வயதைச் சொல்லாவிட்டால் ஈயம் கசிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். காக்காப்பொன் (மைக்கா) இன்னும் எளிதில் ஏமாற்றிவிடும்: சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே, அதன் வயதைக் கணிக்க உதவும் ஆர்கான் வாயு கசியத் தொடங்கிவிடும்.