கைத்தொலைபேசியின் பணிசெயல் முறைமை: தெரிவும் அதிகாரமும்

2008 இல் விற்பனைக்கு வந்த அன்ரொயிட் பணிசெயல் முறைமையின் அடிப்படை மூலநிரல் எவருக்கும் திறந்ததே. ஆயினும், பெரும்பாலான கருவிகளில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டு வரும் வடிவத்தில், கூகிளின் சேவைச் செயலிகள் ஏனைய செயலிகளுக்கில்லாத சிறப்புரிமைகளைப் பெற்றுள்ளன. 2019 இல் இப்பெயரைப் பெற்ற கிரபீன் ஓ.எஸ். அவ்வுரிமைகளை வழங்குவதில்லை. பயனர் விரும்பின் அச்சேவைகளைச் சாதாரண செயலிகளாக நிறுவலாம். எந்தச் செயலிக்கும் இணையத் தொடர்பை மறுக்கலாம். எனினும், சில வங்கிச் செயலிகள் இதில் இயங்குவதில்லை. கூகிள் சான்றளித்த முறைமைகளை மட்டுமே அவை ஏற்பதே இதற்குக் காரணமாகும். எனவே, அத்தகைய செயலிகளில் தங்கியிருப்போர் முன்கூட்டியே ஆராய்ந்து தெரிதல் வேண்டும். நம்பகமானது எதுவெனச் சான்றளிக்கும் அதிகாரம் ஒரு வணிக நிறுவனத்திடம் குவிந்திருக்கும்வரை, தெரிவுச் சுதந்திரம் குறைபட்டதாகவே இருக்கும்.