விமானியும் விதிமுறையும்

தில்லியிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம் பறக்கிறது. அதில் அமர்ந்திருப்போர் விமானியை முன்பின் அறியாதவர். ஆயினும் அச்சமின்றி உறங்குகின்றனர். விமானி முறையாகப் பயின்றவர், பலமுறை சோதிக்கப்பட்டவர் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். அந்நம்பிக்கையைக் காப்பவை விதிமுறைகள்.

இந்தியாவில் விமானிகளுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஆகும். இதனை டி.ஜி.சி.ஏ. என்று சுருக்கமாக அழைப்பர். விமானங்களின் தகுதியையும் பயிற்சி நிறுவனங்களின் தரத்தையும் இவ்வமைப்பே கண்காணிக்கிறது.

பயணிகள் விமானத்தை ஓட்ட விரும்புவோர் முதலில் வணிக விமானி உரிமம் பெறவேண்டும். அதற்கு 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்றிருத்தல் வேண்டும். வானிலையியல், வழிகாணல், வான்வழி விதிகள் முதலிய பாடங்களில் தேர்ச்சி பெறுவதும் இன்றியமையாதது. மேலும், 200 மணி நேரம் பறந்த பட்டறிவு தேவை. அவற்றுள் 100 மணி நேரம் விமானத்தின் முழுப்பொறுப்பையும் தாமே ஏற்றுப் பறந்திருக்க வேண்டும்.

இப்பயிற்சிக்குப் பல இலட்சம் ரூபாய் செலவாகும். ஆகவே, கட்டணம் செலுத்துவதற்கு முன்பே மருத்துவத் தகுதியை அறிந்துகொள்வது நன்று. கண்ணாடி அணிவோர் விமானியாக இயலாது என்பது தவறான எண்ணம். கண்ணாடியுடன் உரிய அளவு பார்வை இருப்பின் போதும். சேரவிருக்கும் நிறுவனம் டி.ஜி.சி.ஏ.யின் ஒப்புதல் பெற்றதா என்பதையும் உறுதி செய்தல் வேண்டும். மருத்துவத் தகுதி கிட்டாதோருக்கும் இத்துறையில் இடமுண்டு. பழுது பார்க்கப்பட்ட விமானம், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் கையொப்பமின்றிப் பறக்க இயலாது.

உரிமம் கிடைத்ததும் தேர்வுகள் முடிந்துவிடுவதில்லை. மருத்துவச் சோதனை தொடர்ந்து நடைபெறும். விமானி அறையை ஒத்த சிமுலேட்டர் என்னும் கருவியில், இயந்திரம் பழுதானால் செய்ய வேண்டியவற்றை விமானி மீண்டும் மீண்டும் செய்து காட்டவேண்டும். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது அருந்துதல் கூடாது. பணிநேரத்திற்கும் ஓய்வுக்கும் வரையறை உண்டு. களைப்புற்ற விமானி அதனை மறைக்காமல் தெரிவிப்பது அவரது கடமை.

குளிர்காலத்தில் தில்லியை மூடுபனி சூழ்கிறது. ஓடுபாதை உரிய உயரத்தில் கண்ணுக்குப் புலப்படாவிடில், விமானி தரையிறங்காமல் மீண்டும் மேலெழுகிறார். பயணிகளுக்குக் காலதாமதம் நேரலாம், சினமும் எழலாம். ஆயினும், அவர்களது உயிரைக் காப்பது அம்முடிவே. துணிவோடு இத்தகைய நிதானமும் உடையவரே சிறந்த விமானி ஆவார்.

அருஞ்சொற்பொருள்
உரிமம் – அரசு வழங்கும் அனுமதி
பட்டறிவு – அனுபவம்
இன்றியமையாதது – மிகவும் தேவையானது
வரையறை – எல்லை

வினாக்கள்
1. வணிக விமானி உரிமம் பெறத் தேவையான தகுதிகள் யாவை?
2. கட்டணம் செலுத்துவதற்கு முன் மாணவர் அறிந்துகொள்ள வேண்டியவை யாவை?
3. விமானி தரையிறங்காமல் மேலெழுந்ததால் பயணி ஒருவர் சினம் கொள்கிறார். அவருக்கு நீங்கள் கூறும் விளக்கத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.