முதுநிலை மேலாண்மைக் கல்வியில் நிகழ்வாய்வு முறை: வரலாறும் தமிழகப் பல்கலைக்கழக வகுப்பறையும்

ஆய்வுச்சுருக்கம்

வணிக மேலாண்மை முதுநிலைப் பட்டம் (எம்.பி.ஏ.) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உருவானது. செயல்முறைத் தீர்மானத்தைப் பயிற்றுவிப்பதா, துறைசார் அறிவியலைக் கற்பிப்பதா என்னும் கேள்வி அன்று முதலே இப்படிப்பைத் தொடர்ந்து வருகிறது. முதல் நோக்கிற்கு நிகழ்வாய்வு முறையும், இரண்டாம் நோக்கிற்குக் கோட்பாட்டுப் பாடங்களும் கருவிகளாயின. 1961 இல் இந்தியாவில் தோன்றிய இரு மேலாண்மைக் கழகங்கள் இவ்விரு மரபுகளோடும் தனித்தனியே தொடர்பு கொண்டன. பின்னர்ப் பல்கலைக்கழகங்களின் இணைவுபெற்ற கல்லூரிகளுக்கு எம்.பி.ஏ. பரவியபோது பாடங்களின் பட்டியல் வந்து சேர்ந்த அளவிற்குக் கற்பித்தல் முறை வந்து சேரவில்லை. அதற்கான காரணங்களையும், தமிழகச் சூழலிலிருந்து நிகழ்வாய்வுகளை உருவாக்குவதன் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மேலாண்மைக் கல்வி, எம்.பி.ஏ., நிகழ்வாய்வு, மதிப்பீட்டு முறை, பாடத்திட்டம், திருப்பூர்

முன்னுரை

தமிழகத்தின் கலை, அறிவியல், பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இன்று எம்.பி.ஏ. படிப்பு நடைபெறுகிறது. நான்கு பருவங்கள், சந்தையியல், நிதி, மனிதவளம், உற்பத்தி எனப் பிரிந்த பாடங்கள், கோடை விடுமுறையில் ஒரு நிறுவனப் பயிற்சி, இறுதியில் ஒரு திட்டக்கட்டுரை என்பது பெரும்பாலும் அதன் வடிவம். இவ்வடிவம் பழகிப்போனதால் மேலாண்மைக் கல்வி என்பதே இதுதான் என்னும் எண்ணம் நிலைபெற்றுள்ளது. ஆனால் இது ஒரு நூற்றாண்டு விவாதத்தின் விளைவு ஆகும். அவ்விவாதத்தில் எது ஏற்கப்பட்டது, எது விடுபட்டது என்பதை அறிந்தால்தான் இன்றைய வகுப்பறையின் குறையை இனங்காண இயலும்.

பட்டத்தின் தோற்றம்

1881 இல் ஜோசப் வார்ட்டன் என்னும் தொழிலதிபரின் நன்கொடையால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வணிகத்திற்கெனத் தனிப்பள்ளி தோன்றியது. அது இளநிலைக் கல்வியாகவே தொடங்கியது. 1900 இல் டார்ட்மவுத் கல்லூரியில் நிறுவப்பட்ட டக் பள்ளி முதுநிலையில் வணிகக் கல்வியை வழங்கியது. 1908 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இளநிலைப் பட்டம் பெற்றோருக்கான ஈராண்டுப் படிப்பை எம்.பி.ஏ. என்னும் பெயரில் தொடங்கியது. அதன் முதல் புலத்தலைவர் எட்வின் கே பொருளாதார வரலாற்று அறிஞர்.

வணிகத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கலாமா என்னும் ஐயம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. சட்டமும் மருத்துவமும் தமக்கெனத் தொன்மையான அறிவுத்தொகுதியை உடையவை. வணிகத்திற்கு அத்தகைய தொகுதி இல்லை. எனவே எதைக் கற்பிப்பது என்பதோடு எவ்வாறு கற்பிப்பது என்பதும் சேர்ந்தே கேள்வியாயிற்று.

நிகழ்வாய்வு முறையின் வருகை

இக்கேள்விக்கு விடை சட்டக் கல்வியிலிருந்து வந்தது. ஹார்வர்டு சட்டப்பள்ளியில் 1870 ஆம் ஆண்டு முதல் கிறிஸ்டோபர் லாங்டெல் தீர்ப்புகளையே பாடமாக வைத்துக் கேள்விகளின் வழியே சட்டக் கொள்கைகளை மாணவர் கண்டடையச் செய்தார். அப்பள்ளியில் பயின்ற வாலஸ் டான்ஹாம் 1919 இல் வணிகப்பள்ளியின் இரண்டாம் புலத்தலைவரானார். அவர் காலத்தில் நிறுவனங்களுக்குச் சென்று உண்மைச் சூழல்களைத் திரட்டி எழுதும் பணி முறைப்படுத்தப்பட்டது.

ஆயினும் சட்ட வழக்கிற்கும் வணிக நிகழ்வாய்விற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. சட்ட வழக்கில் தீர்ப்பு முன்பே வழங்கப்பட்டிருக்கும். மாணவர் அதன் காரணத்தை ஆராய்வர். வணிக நிகழ்வாய்வு தீர்மானம் எடுக்கப்படுவதற்கு முன்னுள்ள கணத்தில் நின்றுவிடும். ஒரு மேலாளர், அவர் முன்னுள்ள சிக்கல், அவருக்குக் கிடைத்த முழுமையற்ற தகவல்கள், கணக்கு அட்டவணைகள் ஆகியவையே அதில் இருக்கும். மாணவர் முதலில் தனியே படிப்பார். பின் சிறு குழுவில் கலந்துரையாடுவார். அதன்பின் வகுப்பில் தம் முடிவை முன்வைத்து எதிர்வாதங்களைச் சந்திப்பார். ஆசிரியர் விடை கூறுவதில்லை, விவாதத்தை நெறிப்படுத்துவார். ஹார்வர்டில் இவ்வகுப்புப் பங்களிப்பிற்குப் பல பாடங்களில் மதிப்பெண்ணில் பாதியளவு வரை ஒதுக்கப்படுகிறது. அதாவது, கற்பித்தல் முறையும் மதிப்பீட்டு முறையும் அங்கு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

அறிவியல் நோக்கின் எழுச்சி

1949 இல் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்ட தொழில் நிர்வாக முதுநிலைப்பள்ளி வேறு பாதையை மேற்கொண்டது. பொருளியல், கணிதம், உளவியல் ஆகியவற்றின் மீது மேலாண்மையைக் கட்டியெழுப்ப அது முயன்றது. நிறுவனங்களில் முடிவெடுத்தலை ஆராய்ந்து 1978 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் அங்குப் பணியாற்றியவர்.

1959 இல் இரு அறிக்கைகள் வெளிவந்தன. ஃபோர்டு அறக்கட்டளைக்காக ராபர்ட் கார்டனும் ஜேம்ஸ் ஹோவெல்லும் எழுதியது ஒன்று; கார்னகி கழகத்திற்காக ஃபிராங்க் பியர்சன் எழுதியது மற்றொன்று. வணிகப்பள்ளிகளின் கல்வித்தரமும் ஆய்வும் குன்றியுள்ளன என்பது இரண்டின் மையக்கருத்து. இதன்பின் முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள், ஆய்விதழ் வெளியீடு, கணிதமுறைகள் ஆகியவை முதன்மை பெற்றன.

இப்போக்கு மிகுந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 2004 இல் வெளியிட்ட நூலில், அனுபவமற்ற இளைஞர்களை வகுப்பறையில் மேலாளராக்க இயலாது என வாதிட்டார். நிகழ்வாய்வு முறையையும் அவர் விட்டுவைக்கவில்லை. கொல்கத்தாவில் பிறந்த சுமந்த்ர கோஷால், மனிதரைத் தன்னலமிகளாக மட்டும் கருதும் கோட்பாடுகள் மாணவரின் அறப்பொறுப்புணர்வைக் குலைக்கின்றன என எழுதினார். அவர் மறைவிற்குப்பின் 2005 இல் அக்கட்டுரை வெளிவந்தது. ஆக, இரு மரபுகளும் நிறைவானவை அல்ல என்பது தெளிவு.

இந்தியாவில் இரு மரபுகள்

இந்தியாவில் 1953 இல் கொல்கத்தாவில் சமூகநல, வணிக மேலாண்மைக் கழகம் தொடங்கப்பட்டது. 1957 இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் எம்.பி.ஏ. படிப்பைத் தொடங்கியது. 1961 நவம்பரில் கொல்கத்தாவிலும், டிசம்பரில் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் நிறுவப்பட்டன. இரண்டிற்கும் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவி இருந்தது. கொல்கத்தா, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்லோன் பள்ளியோடு இணைந்து கணிதமுறைகளில் அழுத்தம் காட்டியது. விக்ரம் சாராபாயின் முயற்சியால் உருவான அகமதாபாத், ஹார்வர்டின் துணையோடு நிகழ்வாய்வு முறையைத் தழுவியது.

இக்கழகங்கள் பல்கலைக்கழகங்களாக இல்லாததால் நெடுங்காலம் பட்டயமே வழங்கின. 2017 இல் இயற்றப்பட்ட சட்டமே பட்டம் வழங்கும் அதிகாரத்தை அவற்றிற்கு அளித்தது. ஆனால் பட்டயம் வழங்கிய காலத்தில் அவற்றிற்கு ஒரு விடுதலை இருந்தது. கற்பிக்கும் ஆசிரியரே பாடத்தை வகுத்தார், வினாவை அமைத்தார், மதிப்பிட்டார். நிகழ்வாய்வு முறை அங்கு வேரூன்ற இது முதற்காரணம் எனலாம்.

இணைவுபெற்ற கல்லூரிகளில் நேர்ந்தது

பல்கலைக்கழகத்தோடு இணைவுபெற்ற கல்லூரிகளில் நிலை வேறு. பாடத்திட்டம் ஓரிடத்தில் வகுக்கப்படுகிறது, கற்பித்தல் பல கல்லூரிகளில் நிகழ்கிறது, வினாத்தாள் ஒன்றே, விடைத்தாளை மாணவரை அறியாத ஒருவர் விடைக்குறிப்பைக் கொண்டு திருத்துகிறார். பல்லாயிரம் மாணவரை ஒரே அளவுகோலால் நடுநிலையாக மதிப்பிடுவதற்கு இந்த ஏற்பாடு தேவையானது. அதன் நேர்மையைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் விடைக்குறிப்பு என்பது சரியான விடை ஒன்று உண்டு என்னும் எடுகோளின் மேல் அமைவது. நிகழ்வாய்வோ பல முடிவுகளுக்கு இடமளித்து, முடிவை விட அதற்கான காரணத்தை மதிப்பது.

இம்முரண்பாட்டில் மதிப்பீட்டு முறையே வெல்கிறது. கேஸ் ஸ்டடி என்னும் பெயரில் வினாத்தாளின் இறுதியில் ஒரு பத்தியும் இரண்டு மூன்று கேள்விகளும் இடம்பெறுகின்றன. மாணவர் அப்பத்தியிலுள்ள சிக்கலுக்குப் பொருந்தும் கோட்பாட்டின் பெயரை எழுதி, அதன் கூறுகளை வரிசைப்படுத்துகிறார். தீர்மானம் எடுக்கும் பயிற்சி, நினைவாற்றலின் பயிற்சியாக மாறிவிடுகிறது.

மேலும் மூன்று தடைகள் உண்டு. முதலாவது, வெளிநாட்டு நிகழ்வாய்வுகளை ஒவ்வொரு மாணவருக்கும் படியொன்றிற்குக் கட்டணம் செலுத்தியே வாங்க வேண்டும். இரண்டாவது, இளநிலைப் பட்டம் முடித்தவுடன் சேரும் மாணவர் அமெரிக்க நிறுவனமொன்றின் சூழலை உணர்ந்து வாதிடுவது கடினம். மூன்றாவது மொழி. நிகழ்வாய்வு வகுப்பு பேச்சால் நடப்பது. தமிழ்வழியில் பயின்று வந்த மாணவர், கருத்திருந்தும் ஆங்கிலத் தயக்கத்தால் வாய்திறவாதிருப்பின், பங்களிப்பிற்கு மதிப்பெண் வழங்கும் முறை அவரையே தண்டிக்கும். எனவே முறையை அப்படியே பெயர்த்து நடுவதும் தீர்வாகாது.

உள்ளூர்ச் சூழலும் நிகழ்வாய்வும்

தமிழகச் சூழல் நிகழ்வாய்விற்கு உரியதன்று என்னும் எண்ணம் உண்மைக்கு மாறானது. மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு, செலுத்த இயலாதோருக்கும் அறுவை சிகிச்சை அளிக்கும் அதன் முறையை ஹார்வர்டு பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993 இல் நிகழ்வாய்வாக எழுதினார். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை இலயோலா கல்லூரியிலும் அகமதாபாத்திலும் பயின்ற சி.கே. பிரகலாத், வறியோர் சந்தை பற்றித் தாம் 2004 இல் வெளியிட்ட நூலில் அரவிந்தை எடுத்துக்காட்டினார். மதுரையின் அனுபவம் பாஸ்டனில் பாடமாயிற்று.

மற்றொரு சூழலாகத் திருப்பூரைக் கருதலாம். சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலாற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் மாசுபடுத்தியதால் கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்ட வேண்டும் என்னும் ஆணை நிறைவேறாத நிலையில், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பின்னலாடைத் தொழிலின் ஒரு கண்ணி அறுந்தபோது அதன் முன்னும் பின்னும் உள்ள அனைத்தும் பாதிக்கப்பட்டன.

இதனை நிகழ்வாய்வாக்கினால், மாணவர் முன் நிற்பவர் அந்தச் சனவரியில் ஒரு பட்டறை உரிமையாளர். ஏற்றுமதியாளருக்குத் தரவேண்டிய துணி, வங்கிக் கடன், வேலையிழக்கும் தொழிலாளர், சுத்திகரிப்புக்கு வேண்டிய எதிர்ச்சவ்வூடு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் கோரும் முதலீடு, கீழ்ப்பகுதியில் பாழான நிலம் ஆகிய அனைத்தும் அவர் முன் உள்ளன. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் மேலும் முதலிடுவதா, வேறு ஊருக்குத் துணியை அனுப்பிச் சாயமேற்றுவதா, தொழிலையே விடுவதா? செலவுக் கணக்கியல், உற்பத்தி மேலாண்மை, சட்டம், அறம் ஆகிய நான்கு பாடங்களும் இங்கு ஒரே கேள்வியில் சந்திக்கின்றன. கோட்பாட்டின் பெயரை மட்டும் எழுதி இதற்கு விடையளிக்க இயலாது.

திருக்குறள் போன்ற நூல்களில் மேலாண்மைச் சிந்தனைகளை இனங்காணும் கட்டுரைகள் தமிழாய்விதழ்களில் வருவதுண்டு. அவை கருத்து வரலாற்றிற்குப் பயன்படுவன. நிகழ்வாய்விற்கோ கருத்தினும் முதன்மையாக வேண்டுவது சூழலின் நுண்விவரம். களஆய்வு, நேர்காணல், வழக்காவணங்களைப் படித்தல், எளிய உரைநடையில் எழுதுதல் ஆகியவற்றில் தமிழ்த்துறையினர் பயிற்சியுடையோர். கணக்கு அட்டவணைகளையும் தீர்மான வினாவையும் வகுப்பதில் மேலாண்மைத் துறையினர் வல்லோர். இருதுறையும் இணைந்து இருமொழியிலும் எழுதும் நிகழ்வாய்வுகள் மேற்கூறிய மூன்று தடைகளையும் ஒருசேரத் தளர்த்தும்.

மதிப்பீட்டிலும் வழியுண்டு. தன்னாட்சிக் கல்லூரிகள் தம் வினாத்தாளைத் தாமே அமைப்பதால் முதலில் அவை முயலலாம். பிற கல்லூரிகளில் அகமதிப்பீட்டின் ஒரு பகுதியை நிகழ்வாய்விற்கு ஒதுக்கலாம். வாய்மொழி வாதத்தோடு எழுத்துவழித் தீர்மானக் குறிப்பையும் ஏற்கலாம். வகுப்பு விவாதத்தைத் தமிழிலும் நடத்தலாம். விடைக்குறிப்பிற்கு மாற்றாக, சான்றுகளைப் பயன்படுத்திய விதம், மாற்றுவழிகளை எடைபோட்ட விதம், பாதிக்கப்படுவோரைக் கருதிய விதம் என அளவுகோல்களை முன்கூட்டியே அறிவித்தால் நடுநிலையும் காக்கப்படும்.

முடிவுரை

மேலாண்மை முதுநிலைக் கல்வி செயலறிவிற்கும் அறிவியலுக்கும் இடையே வளர்ந்தது. இரண்டையும் இந்தியா 1961 இலேயே அறிந்திருந்தது. இணைவுபெற்ற கல்லூரிகளில் நிகழ்வாய்வு முறை நிலைபெறாமைக்கு ஆசிரியரின் திறமையின்மையோ மாணவரின் ஆர்வமின்மையோ முதன்மைக் காரணம் அன்று. முறைக்குப் பொருந்தாத மதிப்பீடும், சூழலுக்குப் பொருந்தாத பாடப்பொருளுமே காரணங்கள் ஆகும். பாடத்திட்டத் திருத்தங்கள் பெரும்பாலும் புதிய பாடங்களின் பெயர்களைச் சேர்ப்பதோடு அமைகின்றன. ஒவ்வொரு துறையும் தன் மாவட்டத்தின் தொழிலொன்றை ஆண்டுதோறும் ஒரு நிகழ்வாய்வாக எழுதி, அதற்கேற்ற மதிப்பீட்டையும் வகுத்தால், பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் தாம் வாழும் ஊரின் சிக்கலில் ஒருமுறையேனும் தீர்மானம் எடுத்துப் பழகியவராக இருப்பார்.