போர்டுக்குள் லினக்ஸ் ஏறுவது எப்படி?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடம் என்ன வேலை என்று கேட்டால், "போர்டுல சாஃப்ட்வேர் ஏத்துறோம் ஹஜ்ரத்" என்பார்கள். எப்படி ஏறுகிறது என்று கேட்டால், போர்டை வைத்துப் பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும் என்பதோடு பதில் முடிந்துவிடும். அந்த விளக்குக்குப் பின்னால் நடப்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பட்டன் அழுத்துவது மட்டும் தெரிந்தவர் அடுத்த கம்பெனியிலும் புதிய ஆளாகத்தான் சேர வேண்டும். ஆகவே இதைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று பெற்றோர் ஒதுக்கிவிட வேண்டாம்.

2018-ல் ஷாவ்மி நிறுவனம், ஃபாக்ஸ்கானுடன் சேர்ந்து ஸ்ரீபெரும்புதூரில் போன் போர்டுகள் தயாரிப்பதாக அறிவித்தது. ஆண்ட்ராய்டு போன் எதுவானாலும் அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். போர்டில் உள்ள ஃபிளாஷ் மெமரி, மின்சாரம் போனாலும் எழுதியதை இழக்காது. அதில்தான் லினக்ஸ் எழுதப்படுகிறது.

முதலில் பூட்லோடர். இது நம் மோதினார் போல. பாங்கு சொல்லி எல்லோரையும் எழுப்புவார். தொழுகை நடத்துவது இமாம். பூட்லோடரும் மெமரியை எழுப்பி, கெர்னலைத் தேடிக் கொண்டுவந்து, பொறுப்பை அதனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். போர்டில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் 'டிவைஸ் ட்ரீ' என்ற சிறு கோப்பும் உண்டு. கடைசியாக, புரோகிராம்கள் அடங்கிய ஃபைல் சிஸ்டம். விளக்கு எரிந்தும் போர்டு எழவில்லை என்றால், இவற்றில் எந்த இடத்தில் நின்றது என்று பார்ப்பதே தொழில் தெரிந்தவரின் வேலை.

வீட்டில் பழக பீகிள்போன் பிளாக் போன்ற போர்டு போதும். இப்போது வருவதில் 4 ஜிபி ஃபிளாஷ் உண்டு. அதன் அதிகாரபூர்வத் தளத்தில் 'ஃபிளாஷர்' வகை இமேஜை இறக்கி, மைக்ரோ எஸ்டி கார்டில் எழுதி, போர்டில் செருகுங்கள். கார்டுக்கு அருகிலுள்ள பூட் பட்டனை அழுத்திக்கொண்டே 5 வோல்ட் மின்சாரம் கொடுங்கள். நீல விளக்குகள் வரிசையாக ஓடும். அந்த ஓட்டம் நின்ற பிறகே மின்சாரத்தை எடுத்து, கார்டையும் எடுக்க வேண்டும். கார்டை அப்படியே விட்டால் மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கலாம்.

நடுவில் கரண்ட் போனால்? நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான். பாதி எழுதிய லினக்ஸ் எழாது, ஆனால் இந்த போர்டு பாழாகாது. சிப்புக்குள் அழிக்க முடியாத சிறு புரோகிராம் இருப்பதால், கார்டிலிருந்து மீண்டும் ஏற்றலாம். மூடிய வைஃபை ரவுட்டரில் இதையே செய்து பார்க்க வேண்டாம். பலவற்றில் திரும்பும் வழி இருக்காது.

உண்மையான ஆபத்து கம்ப்யூட்டர் பக்கம் இருக்கிறது. 'டிடி' கட்டளையில் கார்டின் பெயருக்குப் பதிலாக ஹார்ட் டிஸ்கின் பெயரைக் கொடுத்துவிட்டால், எதுவும் கேட்காமல் அதன் மேல் எழுதிவிடும். அக்காவின் நிக்காஹ் போட்டோவும் வாப்பாவின் பத்திர நகலும் அதோடு போய்விடும். முதல் நாளே காப்பி எடுத்து, அந்த டிரைவைக் கழற்றி வையுங்கள்.

போர்டு எங்கே நின்றது என்பதை எழுத்தில் பார்க்க யுஎஸ்பி சீரியல் வயர் வேண்டும். வேகம் 115200. கடையில் வாங்கும்போது 3.3 வோல்ட் வயர்தானா என்று கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட் சிக்னல் வயரைச் செருகினால் சிப் கருகிவிடக்கூடும்.