உறவுத் திருமணமும் சாதித் திருமணமும்: மரபியலின் சான்று

குன்றத்தூர், தாம்பரம் பகுதிச் சபைகளில் விவாக ஓலை வாசிக்கப்படுமுன், மணமக்களுக்குள் உள்ள உறவினை ஆயர் விசாரிப்பது வழக்கம். அக்காள் மகளை மணக்க விழையும் தாய்மாமனுக்கு மறுப்புக் கூறுவோர் லேவியராகமம் 18ஆம் அதிகாரத்தைச் சுட்டுவர். ஆயின் அவ்வதிகாரம் அத்தையை மணப்பதை விலக்குகிறதேயன்றி, உடன்பிறந்தாள் மகளைக் குறித்து வெளிப்படையாக ஒன்றும் கூறவில்லை. அவ்வுறவைப் பெயர் சொல்லித் தடுப்பது, 1563இல் இங்கிலாந்தின் பேராயர் பார்க்கர் வெளியிட்ட உறவுமுறை அட்டவணையாகும். இக்காலத்தில் மருத்துவக் காரணமும் இதனுடன் சேர்த்துக் கூறப்படுவதால், அதனை ஆயர்கள் சரிவர அறிந்திருத்தல் நலம்.

மரபணு ஒவ்வொன்றும் நம்மில் இரு பிரதிகளாக உள்ளது. ஒன்று தாய்வழி, மற்றொன்று தந்தைவழி. ஒடுங்கு தன்மையுள்ள பழுது ஒரு பிரதியில் மட்டும் இருப்பின் நோய் வெளிப்படுவதில்லை. பெற்றோர் இருவரும் ஒரே மூதாதையிடமிருந்து அப்பழுதைப் பெற்றிருந்தால், குழந்தையில் இரண்டும் ஒன்றுசேரக்கூடும். குறித்த ஓரிடத்தில் ஒரே மூதாதையின் பிரதியே இருமுறை வந்து சேரும் வாய்ப்பு, மாமன்-மருமகள் மணத்தில் 8இல் 1. மாமன் மகள், அத்தை மகள் மணத்தில் 16இல் 1.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், இன்பராஜ் ஆகியோர் 1970களில் வட ஆற்காட்டில் பல்லாயிரம் திருமணங்களை ஆராய்ந்தனர். கிராமப்புறத்தில் ஏறத்தாழப் பாதித் திருமணங்கள் உறவுக்குள் நிகழ்ந்திருந்தன. எனினும் மகப்பேற்றில் எதிர்பார்த்த அளவு தீங்கு புலப்படவில்லை. நெடுங்காலமாக இவ்வழக்கம் நிலவியதால், தீய மரபணுக்கள் இயற்கைத் தேர்வினால் பெரிதும் களையப்பட்டிருக்கலாம் என்று அவர்கள் கருதினர். களையப்படுதல் என்பது எளிய சொல். அதன் பொருள் குழந்தைகளின் மரணமே. பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்த பிட்டில்ஸ், பிளாக் என்போர் 2010இல் வேறொன்றைக் காட்டினர்: மாமன் மகள், அத்தை மகள் போன்ற உறவினரை மணந்தோரின் பிள்ளைகளிடையே இளவயது மரணம் சராசரியாக நூற்றுக்கு 3.5 கூடுதல். அச்சுறுத்தும் அளவன்று, புறக்கணிக்கத்தக்கதுமன்று.

இதனினும் நம்மைச் சிந்திக்கச் செய்வது ஐதராபாத்திலிருந்து வந்த செய்தி. அங்குள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ், அமெரிக்க அறிஞர் டேவிட் ரைக் முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்திய மக்களின் இரு பெரும் மூதாதை மரபுகள் ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையே பரவலாகக் கலந்தன. பின்னர் அகமணம் வேரூன்றிக் கலப்பு அருகியது. கலப்பற்ற குலம் என்று தன்னைப் பாராட்டிக்கொள்ளும் எவர்க்கும் இதில் ஆறுதல் இல்லை. 2017இல் 260க்கு மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 81 குழுக்கள் ஒரு சில மூதாதையரிடமிருந்தே பெருகியவை என்பதும், அந்நெருக்கம் ஒடுங்கு நோய்களுக்குப் பெயர்பெற்ற பின்லாந்து மக்களினும் அஷ்கெனாசி யூதரினும் மிகுதி என்பதும் தெரிந்தன. வைசிய சமூகத்தினருள் சிலர்க்கு, அறுவைக்குமுன் தரப்படும் ஒரு தசைத்தளர்த்தி மருந்தின் விளைவு வழக்கத்தினும் நெடுநேரம் நீடிப்பது இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு.

தாய்மாமன் மணத்தைத் தடுக்கும் நாம், ஒரே சாதிக்குள் நிகழும் மணத்தை விசாரணையின்றி ஆசீர்வதிக்கிறோம். முன்னது ஒரு குடும்பத்தில் செய்வதைப் பின்னது பல தலைமுறையாக ஒரு சமூகம் முழுவதிலும் மெல்லச் செய்திருக்கிறது. உறவினைக் கேட்கும் ஆயர் சாதியைக் கேட்பதில்லை. அது ஏற்கெனவே பார்த்து முடிக்கப்பட்டிருக்கும் என்பதை அவர் அறிவார்.

இவ்வாராய்ச்சியைக் கொண்டு மக்களை உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனத் தரம்பிரிக்க இடமில்லை. கால்டன் 1883இல் பெயரிட்ட இனமேம்பாட்டுக் கொள்கை எங்குச் சென்று முடிந்தது என்பதை இறையியல் மாணாக்கர் அறிவர். பழுதான மரபணு சில இல்லாத மனிதர் எக்குலத்திலும் இல்லை.

உறவுக்குள் மணமுடிக்க உறுதிகொண்ட குடும்பத்தை ஆயர் கடிந்து அனுப்பினால், அவர்கள் வேறோரிடத்தில் மணத்தை நடத்திக்கொள்வர். ஓலைக்குச் சில மாதம் முன்னரே, குடும்பத்தில் செவிடு, குருதிச்சோகை, காரணம் தெரியாத சிசு மரணம் முதலியன உண்டா எனக் கேட்டு, மரபியல் ஆலோசனை தரும் மருத்துவரிடம் இருவரையும் அனுப்பலாம். ஒரே சாதியில் மணப்போரிடமும் இவ்வினாக்களையே கேட்கலாம்.